பங்குக் கடகம்: தை மாதத் தோட்டமும் எங்கள் அடுப்படியும்



தையும் மாசியும் கோப்பாய்ச் செம்மண்ணுக்கு மரக்கறி மாதங்கள். மாரி மழை ஓய்ந்து, பனி விழுந்து, நிலம் குளிர்ந்திருக்கும் இக்காலத்தில் கோவா, பீற்றூட், கரட், உருளைக்கிழங்கு எல்லாம் எங்கள் பக்கத்தில் நன்றாக வரும். கத்தரி காய்க்கும். இராசவள்ளிக் கிழங்கு கிண்டும் காலமும் இதுதான். பனம்பாத்தி கிண்டிப் பனங்கிழங்கு அவித்து, மீதியைக் கிழித்துக் காயவிட்டு ஒடியலாக்குவதும் இந்த நாட்களிலேதான். ஆடி, ஆவணியில் இதே கோவாவைத் தேடினால் அது மலைநாட்டிலிருந்து லொறியில் வந்ததாக இருக்கும்; விலையும் அதற்கேற்றபடி இருக்கும்.

ஆகவே இம்மாதம் சமையற் குறிப்புகளுடன் ஒரு ஏற்பாட்டைப் பற்றியும் எழுதுகிறேன். எங்கள் ஒழுங்கையிலும் அயலிலும் உள்ள 14 வீடுகள் சேர்ந்து ஒரு தோட்டத்தில் பங்கு வைத்திருக்கின்றோம். காணியில் அல்ல, விளைச்சலில்தான் பங்கு. போகத் தொடக்கத்தில் ஒரு பகுதிப் பணத்தை முற்பணமாகத் தோட்டக்காரரிடம் கொடுத்து விடுவோம். மிகுதியை வாரா வாரம் சீட்டுக் காசு போலக் கட்டுவோம். ஞாயிறு காலையில் அவர் பிடுங்கி வைத்திருப்பதை 14 கூறாகப் பிரித்துக் கடகத்தில் வாங்கி வருவோம். என்ன வருகிறதோ அதுதான் அந்த வாரத்துக் கறி.

தோட்டம் செய்பவர் ஒரு பெண். எங்கள் எல்லோருக்கும் அவர் "தோட்டத்து அக்கா". வன்னியில் திருமணம் செய்து வாழ்ந்தவர். கணவர் 2009 வைகாசிக்குப் பின் வீடு திரும்பவில்லை. இரண்டு பிள்ளைகளுடன் தாய் வீட்டுக்கு வந்து, ஆறு பரப்புக் காணியைக் குத்தகைக்கு எடுத்துத் தோட்டம் செய்கிறார்.

அக்காவின் கணக்கு

முன்பெல்லாம் அவர் தனது மரக்கறியைச் சந்தைக்குத்தான் கொண்டு போனார். விடியப் புறத்தில் ஓட்டோவுக்குக் காசு கொடுத்து ஏற்ற வேண்டும். அங்கே 10 கிலோ கொடுத்தால் 9 கிலோவுக்குத்தான் காசு. ஒரு கிலோ "கழிவு". யாழ்ப்பாணத்துச் சந்தைகளில் இந்தக் கழிவு பற்றிய முறைப்பாடு நெடுநாளாக இருந்து வருவதை உங்களில் தோட்டம் செய்பவர்கள் அறிவீர்கள். அதற்கு மேல், தை மாதத்தில் எல்லோருடைய கோவாவும் ஒரே நேரத்தில் முற்றும். தம்புள்ளையிலிருந்தும் லொறி வரும். விலை விழும். சில நாட்களில் பிடுங்கிய கூலிக்கும் காணாது என்று கத்தரிக்காயைத் தோட்டத்திலேயே விட்டு விடுவார்கள்.

விலை விழுவதைவிடப் பெரிய பிரச்சினை, நடுகைக் காலத்தில் கையில் காசு இல்லாமைதான். விதை வாங்க வேண்டும், நிலம் உழுவிக்க வேண்டும், பம்புக்கு மண்ணெண்ணெய் அடிக்க வேண்டும். அதற்காகத் தோடு அடைவுக்குப் போகும். அல்லது கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நின்று அறவிடும் நுண்கடன் வரும். கத்தரி காய்க்க இரண்டு மாதத்துக்கு மேல் செல்லும். கடன்காரர் அடுத்த கிழமையே வந்து விடுவார். இந்த இரண்டு கணக்கும் ஒருநாளும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. எங்கள் பெண்கள் பலர் கடனில் விழுந்த வழி இதுதான்.

14 வீடுகள் கொடுக்கும் முற்பணம் அந்த நடுகைக் காசு. அதற்கு வட்டி இல்லை. வட்டிக்குப் பதிலாக நாங்கள் பெறுவது புதுப் மரக்கறி. ரூபாய்க் கணக்கை நான் இங்கே எழுதவில்லை. விலைகள் மாதத்துக்கு மாதம் மாறுகின்றன. ஒவ்வோர் ஊரிலும் வேறுவேறு. ஆனால் கணக்குப் போடும் முறை எளிது. சந்தையில் அக்காவுக்குக் கிடைக்கும் விலைக்கும், கடையில் நாங்கள் கொடுக்கும் விலைக்கும் இடையிலே ஒரு விலையை இரு பகுதியும் இருந்து பேசித் தீர்மானிப்பது. அவருக்கும் சந்தையைவிடக் கூட, எங்களுக்கும் கடையைவிடக் குறைவு.

பங்கு எங்களுக்குப் புதியதல்ல

இது வெளிநாட்டு யோசனை என்று சிலர் சொல்லக்கூடும். வெளிநாட்டிலும் இருப்பது உண்மைதான். ஜப்பானில் உணவில் நஞ்சு கலப்பதையிட்டுக் கவலை கொண்ட குடும்பப் பெண்கள் 1970களில் விவசாயிகளுடன் நேரடியாக உடன்பாடு செய்து கொண்டார்கள். 1971இல் தோன்றிய ஜப்பான் இயற்கை வேளாண்மைச் சங்கம் இந்த முறையை வளர்த்தது. "தெய்கெய்" என்று அதற்குப் பெயர். ஒத்துழைப்பு என்பது அதன் பொருள். 1986இல் அமெரிக்காவிலும் இவ்வாறான பங்குத் தோட்டங்கள் தொடங்கின. இன்று பல நாடுகளில் உண்டு.

ஆனால் யாழ்ப்பாணத்தாருக்குப் பங்கு என்ற சொல்லை ஒருவரும் வந்து படிப்பிக்கத் தேவையில்லை. எங்கள் காணி உறுதிகளை எடுத்துப் பாருங்கள். காணியின் எல்லைகளை எழுதி முடித்தபின் கிணற்றிலே பங்கு, வாய்க்காலிலே பங்கு, வழியிலே பங்கு என்று எழுதியிருக்கும். ஒரு கிணற்றுக்கு ஐந்தாறு குடும்பம் பங்குகாரராக இருந்து, முறை வைத்துத் துலா மிதித்து இறைத்த ஊர் இது. பின்னர் பம்பு வந்தபோதும் முறை மாறவில்லை. ஒருவர் முறையில் மற்றவர் இறைத்தால் வேலிச்சண்டைதான். தண்ணீரைப் பங்கிடத் தெரிந்த ஊருக்கு மரக்கறியைப் பங்கிடுவது பெரிய காரியமல்ல.

அந்தத் தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மழைநீர் அதன் வெடிப்புகளின் ஊடாக இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே நன்னீராக மிதந்து நிற்கிறது. கிழக்கே கைதடி வீதியில் போனால் உப்பாற்றுக் கடல்நீரேரி எவ்வளவு கிட்ட என்று தெரியும். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவராகும். அளவுக்கு மிஞ்சி உரம் போட்டால், அந்த உரத்தின் நைத்திரேற்றும் மழையோடு கிணற்றுக்குள்ளேயே இறங்கும். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் இது கூடுதலாக இருப்பதாக ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். ஒரு லீற்றர் குடிநீரில் 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கைக்குழந்தைகளுக்கு இது பெருந்தீங்கு; பால்மா கரைக்கும் நீரை எவ்வளவு கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. அதனால்தான் தோட்டத்தில் என்ன போடுகிறார்கள் என்பது தோட்டக்காரருடைய விடயம் மாத்திரமல்ல என்று சொல்கிறேன். பங்கு இருந்தால் கேட்க ஒரு வாய் இருக்கிறது. எங்கள் அக்கா மாட்டெருவும் குழையும் தாழ்க்கிறார். பூச்சிமருந்து அடிக்க வேண்டி வந்தால் அடித்த திகதியைக் கொப்பியில் எழுதி வைக்கிறார். மருந்துப் போத்தலின் சுட்டுத்துண்டில் போட்டிருக்கும் நாட்கள் கழியாமல் அந்தப் பாத்தியில் கை வைப்பதில்லை.

குழை தாழ்ப்பதும் புதிதல்ல. 1990இல் பொருளாதாரத் தடை வந்தபோது யூரியாவும் தடைப் பட்டியலில் இருந்தது. மண்ணெண்ணெய் தங்கத்தின் விலை விற்றது. அப்போது எங்கள் ஊரில் பலர் மறுபடியும் துலாவையும் பூவரசங்குழையையும் நாடினார்கள். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சிக்குப் பெயர்ந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1996இல் திரும்பி வந்தபோது எங்கள் வளவில் பம்பு இல்லை, வாளி இல்லை, கிணற்றுக் கப்பிகூட இல்லை. ஆனால் வேலியோரத்தில் முருங்கையும் முசுட்டையும் தளைத்து நின்றன. தானாக விழுந்து முளைத்த கீரை முற்றமெல்லாம் கிடந்தது. முதல் மூன்று நாளும் அதைத்தான் சமைத்தோம். 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டுத் தெற்கு லொறிகள் வராமல் நின்ற மாதங்களிலும், 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென நிறுத்தியபோதும், 2022இல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றபோதும், அயலில் ஒரு தோட்டம் இருந்த வீட்டில் சட்டி காயவில்லை. அதுதான் இந்த ஏற்பாட்டுக்கு எங்களைத் தூண்டியது.

ஒரு கடகம், ஏழு நாள்

இனி அடுப்படிக்கு வருவோம். போன ஞாயிறு எங்கள் கடகத்தில் வந்தவை இவை: இலையோடு பீற்றூட் ஐந்து, இலையோடு முள்ளங்கி நான்கு, ஒரு கட்டுக் கீரை, ஒரு கோவா, முக்கால் கிலோவளவில் கத்தரிக்காய், ஒரு பூசணிக்கீறு, வாழைப்பூ ஒன்று, இரண்டு மொந்தன் வாழைக்காய், ஒரு துண்டு இராசவள்ளி, மரவள்ளிக்கிழங்கு ஒன்று, ஒரு பிடி பச்சைமிளகாய், ஒரு கட்டு முருங்கை இலை.

இதைக் கண்டதும் சிலருக்கு மலைப்பு வரும். என்ன சமைப்பது என்று முதலில் தீர்மானித்துவிட்டுக் கடைக்குப் போவது எங்கள் பழக்கம். பங்குக் கடகத்தில் அது தலைகீழ். வந்ததைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். அதற்கு ஒரேயொரு விதி போதும். முதலில் வாடுவதை முதலில் சமையுங்கள். கிடக்கக் கூடியதைக் கடைசிக்கு வையுங்கள். இலைகள் ஞாயிறும் திங்களும். வாழைப்பூ, கத்தரி செவ்வாயும் புதனும். கோவாவும் பீற்றூட்டும் வியாழனும் வெள்ளியும். கிழங்கும் பூசணியும் கடைசி. பூசணி கீறாக வந்தால் விதையையும் பஞ்சையும் எடுத்துவிட்டு வையுங்கள், பழுதாகாது. பீற்றூட்டையும் முள்ளங்கியையும் வந்தவுடனேயே இலையை வெட்டிப் பிரித்துவிட வேண்டும். இலை இருந்தால் கிழங்கின் ஈரத்தை இழுத்துச் சோரப் பண்ணிவிடும். குளிர்சாதனப் பெட்டி இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். ஈரச்சாக்கு ஒன்றை மண்சட்டியில் சுற்றி நிழலில் வைத்து, அதற்குள் மரக்கறியை வைத்தால் இரண்டு மூன்று நாள் கூட நிற்கும்.

மூன்று இலை வறை (ஞாயிறு)

பீற்றூட் இலையையும் முள்ளங்கி இலையையும் நாங்கள் ஆட்டுக்குப் போட்டு விடுகிறோம். ஆடு கொழுக்கிறது, எங்களுக்கு இரத்தம் குறைகிறது.

தேவையான பொருட்கள்: பீற்றூட் இலை, முள்ளங்கி இலை, முருங்கை இலை எல்லாம் சேர்த்து நான்கு கைபிடி, சின்ன வெங்காயம் 10, பச்சைமிளகாய் 3, தேங்காய்ப்பூ ஒரு பேணி, மஞ்சள் சிறிது, உப்பு, தேசிக்காய் பாதி.

செய்முறை: இலைகளை முதலில் கழுவி, நீர் வடியவிட்டுப் பின்னர் மெல்லியதாக அரியவும். அரிந்தபின் கழுவினால் சத்துத் தண்ணீரோடு போய்விடும். வெங்காயத்தையும் மிளகாயையும் சிறிதாக வெட்டி, உப்புச் சேர்த்து, இலையோடு சட்டியில் போட்டுக் கையால் நீர் தெளித்து, மெல்லிய நெருப்பில் கிளறவும். இலை வதங்கியதும் மஞ்சள் கலந்த தேங்காய்ப்பூவைப் போட்டுப் பிரட்டி, ஈரம் வற்றியவுடன் இறக்கவும். இறக்கியபின்தான் தேசிப்புளி விட வேண்டும். அடுப்பில் விட்டால் கைத்துவிடும்.

தேசிப்புளி வாய்ருசிக்கு மாத்திரமல்ல. இலையில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதற்கு அதிலுள்ள உயிர்ச்சத்து சீ உதவுகிறது. சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேத்தண்ணீர் அதைத் தடுக்கிறது. ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடியுங்கள். கர்ப்பிணிகளும், பிள்ளை பெற்ற தாய்மாரும், வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளும் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். குடும்பநல உத்தியோகத்தர் தந்த இரும்புச்சத்துக் குளிசை இருந்தால் இலை சாப்பிடுகிறோம் என்று அதை நிறுத்தி விடாதீர்கள்.

திங்களன்று கீரையை மசித்துப் பாலும் தேசிப்புளியும் விட்டால் போதும். செவ்வாய் வாழைப்பூ வறை. நரம்பு எடுத்து, மஞ்சளும் உப்பும் கலந்த நீரில் அரிந்து போட்டுப் பிழிந்து எடுத்தால் கயர்ப்பு இராது. புதன் கத்தரிக்காயும் வாழைக்காயும் சேர்த்து ஒரு குழம்பு. அதற்கு முறை எழுதினால் நீங்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பீர்கள். வியாழன் கோவா வறை. வெள்ளி பீற்றூட் கறியும், முள்ளங்கியைத் துருவித் தயிரோடு ஒரு சம்பலும்.

மரக்கறி ஒடியற்கூழ் (சனி)

கூழ் என்றாலே மீனும் நண்டும் இறாலும் என்று நினைக்கிறோம். கடலுக்குப் போக முடியாத காலங்களில் எங்கள் தாய்மார் மரக்கறியிலேயே கூழ் காய்ச்சினார்கள். கடகத்தின் அடியில் மிஞ்சியவற்றை வீணாக்காமல் முடிக்க இதைவிடச் சிறந்த வழி இல்லை.

தேவையான பொருட்கள்: ஒடியல் மா ஒரு பேணி, அரிசி ஒரு கைபிடி, மரவள்ளிக்கிழங்குத் துண்டுகள் ஒரு பேணி, பூசணித் துண்டுகள் அரைப் பேணி, மிஞ்சிய கத்தரி, கோவா எதுவாயினும் ஒரு பேணி, இருந்தால் பயிற்றங்காயும் காயவைத்த பலாக்கொட்டையும், முருங்கை இலை ஒரு கைபிடி, செத்தல் மிளகாய் 8, மிளகு ஒரு தேக்கரண்டி, உள்ளி 5 பல், மஞ்சள், பழப்புளி ஒரு சிறு உருண்டை, உப்பு, தண்ணீர் எட்டுப் பேணி.

செய்முறை: ஒடியல் மாவை நிறையத் தண்ணீரில் ஊறவிட்டு, மா அடியில் படிந்ததும் மேல்தண்ணீரை ஊற்றி விடவும். இரண்டு தரம் இப்படிச் செய்தால் கசப்புக் குறையும். மரவள்ளியைத் தனியாக, மூடி போடாமல் நிறைய நீரில் அவித்து, அந்த நீரை ஊற்றி விட வேண்டும். மரவள்ளியில் இயற்கையாக ஒரு நச்சுத்தன்மை உண்டு. திறந்த சட்டியில் அவித்தால் அது வெளியேறும். மரவள்ளியோடு இஞ்சி சேர்க்காதிருப்பது எங்கள் பக்கத்து வழக்கம். எட்டுப் பேணித் தண்ணீரைக் கொதிக்க வைத்து அரிசியையும் பலாக்கொட்டையையும் போடவும். அரை அவியலில் மற்றைய மரக்கறிகளையும் பின்னர் அவித்த மரவள்ளியையும் சேர்க்கவும். செத்தல் மிளகாய், மிளகு, உள்ளி, மஞ்சள் ஆகியவற்றை அம்மியில் அரைத்துப் புளிக்கரைசலில் கலந்து விடவும். கொதித்ததும் ஒடியல் மாவைக் கரைத்து ஊற்றி, அடிப்பிடிக்காமல் துழாவவும். தடிப்பு வந்ததும் முருங்கை இலையைப் போட்டு இரண்டு கொதி விட்டு இறக்கவும்.

ஆறு பேர் வயிறார உண்ணலாம். பிளா இருந்தால் பிளாவில் குடியுங்கள். இல்லாவிட்டால் சிரட்டையும் நல்லதே.

இராசவள்ளிக் களி (பிள்ளைகளுக்கு)

இராசவள்ளிக்கிழங்கு அரைக்கிலோ, தண்ணீர் நான்கு பேணி, தேங்காய் முதற்பால் ஒரு பேணி, சீனி அரைப் பேணி, உப்பு ஒரு கிள்ளு.

கையில் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு தோலைச் சீவினால் கடிக்காது. சிறு துண்டுகளாக வெட்டித் தண்ணீரில் நன்றாக அவித்து, அகப்பையால் மசிக்கவும். சீனியும் உப்பும் சேர்த்துக் கரைந்ததும் பாலை விட்டு, ஒரு கொதி வருமுன் இறக்கவும். அதன் ஊதா நிறத்தைப் பார்த்தே பிள்ளைகள் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். சீனிக்குப் பதில் பனங்கட்டி போடலாம்; நிறம் மங்கும், ருசி குறையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாங்கள் சமைப்போம், பரிமாறுவோம், கடைசியில் சட்டியை வழித்துச் சாப்பிடுவோம். கடகம் நிறைந்திருக்கும் வாரத்திலும் எங்கள் கோப்பை அரைவாசிதான். இலை வறையில் உங்கள் பங்கை முதலிலேயே ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வையுங்கள். அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

மழை அழித்த வாரங்கள்

நல்லதை மட்டும் எழுதினால் இந்த ஏற்பாட்டைப் பற்றி முழுவதையும் சொன்னதாகாது. எங்கள் மாரி எப்படிப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும். 2008 நவம்பரில் நிஷா புயல், 2020 டிசெம்பரில் புரெவி. 2024 நவம்பர் இறுதியில் யாழ் மாவட்டத்தில் பெய்த பெருமழையில் எங்கள் பங்குத் தோட்டத்திலும் தண்ணீர் நின்றது. கோவா நாற்று முழுவதும் அழுகியது. கத்தரி வேரோடு வாடியது. முற்பணம் எல்லாம் விதையாகவும் எருவாகவும் மண்ணுக்குள் போய்விட்டது. தொடர்ந்து மூன்று வாரம் கடகத்தில் வந்தவை முருங்கை இலையும் வாழைப்பூவும், முன்பே பிடுங்கி வைத்த பூசணியும்தான்.

எங்களில் ஒருவர் கூலிவேலைக்குப் போகும் தாய். மூன்று பிள்ளைகள். மழையால் அவருக்கும் வேலை இல்லை. அவர் தோட்டத்து வாசலில் நின்று நேராகவே கேட்டார்: "இலை என்ரை வேலியிலையும் கிடக்கு அக்கா. நான் தந்தது அரிசிக் காசு. எனக்கு அது திரும்ப வேணும்."

தோட்டத்து அக்கா ஒன்றும் பேசவில்லை. கொடுக்க அவர் கையில் எதுவும் இல்லை என்பது கேட்டவருக்கும் தெரியும். இரண்டு பேரும் அழவில்லை, சண்டையும் பிடிக்கவில்லை. அப்படியே நின்றார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற எங்களுக்குத்தான் நெஞ்சு கனத்தது. பங்கு என்று பேசும்போது இலாபத்தின் பங்கைத்தான் எல்லோரும் மனதில் வைத்திருந்தோம்.

அன்று மாலை 14 வீட்டாரும் கூடினோம். மாதச் சம்பளம் வருகின்ற ஐந்து வீட்டார் சேர்ந்து அந்தத் தாயின் முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். மற்றவர்களின் முற்பணத்தில் பாதி அடுத்த நடுகைக்குக் கணக்கு வைக்கப்பட்டது. மறுபாதியை எல்லோரும் நட்டமென ஏற்றுக்கொண்டோம். இரண்டு வீட்டார் அதற்கு உடன்படாமல் விலகிச் சென்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பின்னர் வேறு இரண்டு வீட்டார் வந்து சேர்ந்தார்கள்.

அன்று எழுதிக்கொண்ட விதிகளால்தான் ஏற்பாடு இன்றைக்கும் நிற்கிறது. நாட்கூலியில் வாழும் வீட்டாரிடம் முற்பணம் வாங்குவதில்லை. அவர்கள் வாரக்காசு மட்டும் கட்டலாம், அல்லது வாரத்தில் ஒரு காலை புல்லுப் பிடுங்கியோ நாற்று நட்டோ உழைப்பாகக் கொடுக்கலாம். ஐப்பசியில் முழுப் பரப்பிலும் நடுவதில்லை. மேட்டுப் பாத்தியில் கொஞ்சம், மழை விட்டபின் மிகுதி. ஓரமெல்லாம் வாழை, முருங்கை, மரவள்ளி. எந்தக் காலத்திலும் கடகத்தில் ஏதாவது விழவேண்டும் என்பதற்காக. அந்தத் தாய் இப்போது ஒவ்வொரு புதன் காலையும் தோட்டத்துக்கு வருகிறார். அவருடைய கூறு மற்ற எல்லோருடைய கூறின் அளவேதான்.

தொடங்க விரும்புவோருக்கு

உங்கள் ஊரிலும் இப்படி ஒன்றைச் செய்ய எண்ணினால், 14 வீடு தேவையில்லை. நான்கு வீடும் ஒரு தோட்டமும் போதும். முதற் போகத்தில் முற்பணம் வேண்டாம். வாரக்காசோடு தொடங்கி, ஒருவரையொருவர் அறிந்தபின் முற்பணத்தைப் பற்றிப் பேசுங்கள். கணக்குக் கொப்பி ஒன்று வையுங்கள். வந்த காசு, போன காசு, கூறுபோட்ட நிறை எல்லாம் அதில் இருக்க வேண்டும்; கேட்கிறவர் எவருக்கும் அதைக் காட்ட வேண்டும். கொப்பி எழுதுபவர் தோட்டக்காரராக இல்லாமல் பங்குகாரரில் ஒருவராக இருப்பது இரு பகுதிக்கும் நல்லது. மழையோ நோயோ பயிரை அழித்தால் என்ன செய்வது என்பதை நடுகைக்கு முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். எந்தப் பயிர், எந்த மாதம் என்பதற்கு உங்கள் பகுதி கமநல சேவை நிலையத்துக்கு வரும் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள். அது அவருடைய கடமை, உங்களுடைய உரிமை.

தோட்டம் செய்ய ஆளில்லாத, வீட்டைச் சுற்றி நான்கு முழ நிலம் மட்டும் உள்ள சகோதரிகளும் இருப்பீர்கள். கிணற்றடியில் விழும் தண்ணீருக்கு இரண்டு வாழை, வேலிக்கு முருங்கையும் முசுட்டையும், பழைய வாளியில் நான்கு மிளகாய்க் கன்று. அயலவர் நால்வர் நால்வகை வைத்து மாற்றிக்கொண்டால் அதுவும் பங்குத் தோட்டம்தான்.

பங்குனி பிறந்தால் வெயில் ஏறும், கோவா முடியும். புடோலும் பாகலும் வெண்டியும் வரும், முருங்கைக்காய் மலியும். அடுத்த மாதப் பக்கத்தில் பாகற்காயைப் பிள்ளைகள் சாப்பிடும் வகையில் சமைப்பது பற்றியும், முருங்கைக்காய் மலிந்த காலத்தில் செய்யக் கூடியவை பற்றியும் எழுத எண்ணியுள்ளேன். உங்கள் ஊரில், உங்கள் அம்மா, அம்மம்மா கைப்பக்குவத்தில் பாகற்காய்க்கு வேறு முறை இருந்தால் ஒரு தபாலட்டையில் எழுதி ஆசிரியருக்கு அனுப்புங்கள். அளவு தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கைப்பிடிக் கணக்கிலேயே எழுதுங்கள், எங்களுக்கு விளங்கும்.